எட்டு தௌ இடத்தில் சிக்கும் சிலிண்டர்

ஆறு தோட்டா போட்ட ரிவால்வர், மூன்றாவது சுற்றில் திடீரென்று சுழல மறுக்கிறது. ட்ரிகரை இழுத்தால் பாதி வழியில் நிற்கிறது. சிலிண்டரைக் கையால் திருப்பினால் ஏதோ உரசுவது விரலுக்குத் தெரிகிறது. கடையில் வாங்கிய தோட்டா போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை, வீட்டில் தானே நிரப்பிய தோட்டாவுக்கு மட்டும்தான் இந்தப் பிடிவாதம். அமெரிக்காவில் சுடும் களங்களில் இது அடிக்கடி காணும் காட்சி. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆவது பிரிவில், உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதையே தடுக்கிறது. ஆகவே இது முழுக்க அமெரிக்கப் பட்டறை மேசையின் கணக்கு.

சிக்கியதும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வெடிமருந்தின் அளவில், அடுத்து துப்பாக்கியில். இரண்டும் தவறான வரிசை. சிலிண்டர் சிக்குவது அநேகமாக ஒரே பெரிய கோளாறால் அல்ல. தனித்தனியே பார்த்தால் மன்னிக்கக்கூடிய மூன்று நான்கு சின்னக் குறைகள் ஒன்று சேர்ந்து, இருக்கிற இடத்தைத் தின்றுவிடுவதால். அந்த இடம் எவ்வளவு என்று அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

லேத் பட்டறையில் ‘தௌ’ என்பார்களே, அதுதான் இங்கே நாணயம்: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 4 தௌ. இந்தக் கட்டுரையில் வரும் சண்டைகள் எல்லாம் ஒரு தாள், இரண்டு தாள் தடிமனுக்குள் நடப்பவை.

எடுத்துக்கொள்ளும் தோட்டாக்கள் இரண்டு. 1898-இல் வந்த .38 ஸ்பெஷல், பித்தளைக் கூட்டின் அதிகபட்ச நீளம் 1.155 அங்குலம், குண்டோடு சேர்த்து 1.550. இன்னொன்று 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .357 மேக்னம், கூடு 1.290, மொத்த நீளம் 1.590. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. பழைய .38 அறைகளுக்குள் புதிய தோட்டா தவறிப்போயும் நுழையக் கூடாது என்றுதான் கூட்டை 0.135 அங்குலம் நீட்டினார்கள். நீட்டியதற்குக் காரணம் அழுத்தம்: .38-க்கு அனுமதித்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000. இந்த அளவுகளை நிர்ணயிப்பது 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற உற்பத்தியாளர் அமைப்பு.

இந்த வகைத் தோட்டா அறைக்குள் மேலும் இறங்காமல் நிற்பது அதன் விளிம்பால். விளிம்பு சிலிண்டரின் பின்முகத்தில் உட்காரும். அதற்குப் பின்னால் துப்பாக்கியின் சட்டகத்தில் ஒரு தகடுபோல நிற்கும் பகுதியை நான் பின்சுவர் என்றே எழுதுகிறேன். சிலிண்டரின் பின்முகத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் குறைந்தது 0.060, அதிகம் போனால் 0.074 அங்குலம். விளிம்பின் தடிமன் 0.060-ஐத் தாண்டக் கூடாது. கணக்கைக் கவனியுங்கள்: மிகத் தடித்த விளிம்பும் மிக இறுக்கமான துப்பாக்கியும் சந்தித்தால் மிச்ச இடம் சுழியம். நடைமுறையில் அப்படி ஆவது அரிது. துப்பாக்கியில் தூரம் 0.066, விளிம்பு 0.058 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8 தௌ, இரண்டு தாள். சிலிண்டர் சுழல்வதற்குப் பின்பக்கம் உள்ள மொத்த சொத்து இவ்வளவுதான்.

இனி செலவுப் பக்கம்.

பிரைமர், அதாவது ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, சரியாக உட்கார்ந்தால் கூட்டின் அடிமட்டத்துக்கு 3 முதல் 5 தௌ உள்ளே இருக்கும், செலவு ஒன்றுமில்லை. அதன் குழியில் பழைய கரி அப்பிக்கிடந்தாலோ, நெம்புகோலைக் கை அரைமனதாக அழுத்தினாலோ, அது வெளியே நீட்டும். நீட்டல் 3 தௌ என்று எழுதிக்கொள்வோம். வெற்றுக்கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று ஒளிந்தால், தகடு முழுவதும் உட்காராமல் விளிம்புகளையும் பின்னுக்குத் தூக்கிவிடும்: இன்னொரு 3 தௌ. .357 அறையில் நாள் முழுக்க .38 சுட்டிருந்தால், 1.155-க்கு அப்பால் ஒரு கரி வளையம் படிந்திருக்கும். பிறகு போடும் நீளமான .357 கூட்டின் வாய் அந்த வளையத்தில் இடித்து, அடி முழுக்க இறங்காமல் நிற்கும்: 4 தௌ.

இருப்பு 8
பிரைமர் நீட்டல் 3, மிச்சம் 5
நட்சத்திரத் தகட்டின் அடியில் துணுக்கு 3, மிச்சம் 2
கரி வளையம் 4, பற்றாக்குறை 2

மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் சிலிண்டர் சுழலும். மூன்றும் சேரும்போதுதான் நிற்கும். முதல் இரண்டு சுற்று நன்றாகச் சுட்டுவிட்டு மூன்றாவதில் சிக்குவதன் ரகசியம் இதுவே. பிரைமர் நீட்டல் முதல் சுற்றிலும் இருந்தது. இடம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சுத்தமான துப்பாக்கியில் வீட்டில் சோதித்துவிட்டு ‘தோட்டா சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்பவரின் பேச்சை அதனால்தான் நான் முழுதாக ஏற்பதில்லை.

பின்பக்கம் எங்கே உரசுகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். கூட்டின் அடியிலும் பிரைமரின் முகத்திலும் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூச வேண்டும். களத்தில், குழல் மண்மேட்டை நோக்கியிருக்க, வழக்கம்போலச் சுட வேண்டும். சிக்கியபின் பாதுகாப்பாகத் திறந்து பார்த்தால், கறுப்பின் நடுவே ஒரு பித்தளைக் கோடு மின்னும். கோடு பிரைமரின் நடுவில் ஓடினால் குற்றம் பிரைமருடையது. விளிம்பின் ஒரு ஓரத்தில் மட்டும் வளைவாக ஓடினால் விளிம்பில் பிசிறு, அல்லது அந்த ஓரத்தைத் தகடு தூக்கியிருக்கிறது. விளிம்பு முழுவதும் தேய்ந்திருந்தால் கூடு இறங்கவில்லை என்று பொருள். பின்சுவரிலும் பாருங்கள், அதே வளைவில் மஞ்சள் நிறப் பித்தளை பூசியிருக்கும். இந்த ஒரு கோடு பத்து ஊகங்களுக்குச் சமம்.

பிரைமர் நீட்டலைக் களத்துக்குப் போகும் முன்பே பிடிக்கலாம். கண்ணாடித் தட்டில் தோட்டாவை நிமிர்த்தி வையுங்கள். உள்ளடங்கிய பிரைமர் என்றால் ஆடாமல் நிற்கும். நீட்டிக்கொண்டிருந்தால் தட்டியதும் ஆடும். சுட்டுவிரலை அடியின் குறுக்கே ஓட்டினாலும் பள்ளமா மேடா என்று தெரியும். மேடாக இருக்கும் பிரைமரை, நிரப்பி முடித்த தோட்டாவில் மீண்டும் அழுத்தக் கூடாது. குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கைக்கெட்டும் தூரத்தில் நிரம்பிய தோட்டாவின் பிரைமரை நெருக்குவதால் மிச்சமாகும் நேரம் ஒரு விரலுக்கு ஈடாகாது.

.44 மேக்னம் நிரப்புவோருக்கு இதில் தனி அபாயம் உண்டு. கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரும் ரைஃபிளுக்கான பெரிய பிரைமரும் விட்டத்தில் ஒன்றே, 0.210 அங்குலம். உயரத்தில் ரைஃபிள் பிரைமர் சுமார் 8 தௌ அதிகம். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததைப் போடுவோம் என்று மாற்றிப்போட்டால், மேலே கணக்கிட்ட 8 தௌ முழுவதும் அந்த ஒரு மாற்றத்திலேயே கரைந்துவிடலாம்.

சுட்டபின் நீட்டும் பிரைமர் வேறு கதை. இதைத்தான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். பிரைமர் வெடித்ததும் அது முதலில் பின்னோக்கி நகர்ந்து பின்சுவரில் முட்டுகிறது. பிறகு கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, கூடே பின்னால் வந்து பிரைமரைத் தன் குழிக்குள் மறுபடி வாங்கிக்கொள்கிறது. மருந்து மிகக் குறைவாக இருந்தால் கூடு அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும், பின்னால் வராது. பிரைமர் 8 தௌ வெளியே நீட்டியபடி பின்சுவரைத் தேய்க்கும். பார்ப்பவர் ‘அழுத்தம் அதிகமாகிவிட்டது’ என்று பயந்து மருந்தை இன்னும் குறைக்கிறார். சிக்கல் இன்னும் கூடுகிறது. மெழுகுக் குண்டைப் பிரைமரின் வேகத்தால் மட்டுமே செலுத்தும் விரைவுச் சுடுபோட்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். பிரைமரின் தீ கூட்டுக்குள் போகும் 0.080 அங்குலத் தீத்துளையை அவர்கள் பெரிதாக்கிக்கொள்வது பிரைமர் பின்வாங்காமல் இருக்கத்தான். அந்தக் கூடுகளைத் தனியே அடையாளமிட்டு வைப்பார்கள், உண்மைத் தோட்டாவுக்கு ஒருநாளும் எடுப்பதில்லை.

அழுத்தம் மெய்யாகவே அதிகமானால் அடையாளம் வேறு. பிரைமரின் முகம் தட்டையாகி, ஓரம் குழியின் விளிம்புவரை பரவியிருக்கும்; ஊசி பட்ட பள்ளத்தைச் சுற்றி உலோகம் மேடாக எழும்பியிருக்கும்; கூடுகள் எளிதில் வெளியே வராது. அந்த மேடு, ஊசி வரும் துளைக்குள் புகுந்துகொண்டால் சிலிண்டர் சுழல அதை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆக, குறைந்த அழுத்தமும் சிக்க வைக்கும், அதிக அழுத்தமும் சிக்க வைக்கும். அறிகுறி ஒன்று, மருந்து எதிரெதிர். பிரைமரின் முகத்தைப் படிக்காமல் தராசைத் தொடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

துப்பாக்கியின் பக்கமே தவறு இருந்ததற்குப் பதிவான உதாரணம் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 586, 686 மாடல்கள் 1980-களின் தொடக்கத்தில் வந்து நல்ல பெயர் வாங்கியவை. 1987-இல் நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது: அந்த ஆண்டு ஆகஸ்டுக்கு முன் செய்த இந்த ரிவால்வர்களில் சில .357 தோட்டாக்களைச் சுடும்போது சிலிண்டர் சிக்கக்கூடும் என்று. பிரைமர் உலோகம் ஊசித்துளைக்குள் வழிவதே பிரச்சினை. ஊசியையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் இலவசமாக மாற்றித் தந்து, மாற்றிய துப்பாக்கிகளில் மாடல் எண்ணுக்கு அருகே ‘எம்’ என்ற எழுத்தைப் பொறித்தார்கள். சிலிண்டரைத் திறந்தால் சட்டகத்தில் அந்த எண் தெரியும். பழைய 686 வாங்கியவர் எம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். அதைப் பார்க்காமல் தோட்டாவின் மீது மாதக்கணக்கில் பழி போடுவது வீண்.

பின்பக்கம் முடிந்தது. முன்பக்கமும் ஒரு சின்னக் கருவூலம்தான். சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே நல்ல துப்பாக்கியில் 4 முதல் 6 தௌ இடைவெளி இருக்கும். ஃபீலர் கேஜ் நுழைத்து அளக்கலாம். 6 என்று கொள்வோம். சிலிண்டரின் முன்பின் ஆட்டம் 2 தௌ என்றால், அது முன்னால் நகரும்போது மிச்சம் 4. அடுத்து சூடு. உருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 11.7 பங்கு விரியும். 1.6 அங்குல சிலிண்டர், சட்டகத்தைவிட 60 டிகிரி அதிகம் சூடானால் 1.6 × 60 × 0.0000117, ஒரு தௌவுக்குச் சற்று மேல். மிச்சம் 3 கூட இல்லை. மெழுகு பூசிய ஈயக்குண்டு சுட்டால் சிலிண்டரின் முன்முகத்தில் கரியும் ஈயமும் கெட்டியாகப் படியும். ஒரு தாளைவிட மெல்லிய படிவு போதும், கதை முடிந்தது. முகத்தில் வட்டமாக ஒரு பளபளப்பு தெரிந்தால் உரசல் இங்கேதான். இதற்கு மருந்தளவோ பிரைமரோ பொறுப்பல்ல. குண்டின் உலோகமும் பூச்சும், அப்புறம் துடைக்கும் பிரஷும்தான்.

முன்பக்கத்தில் இன்னொரு சிக்கல் குண்டு முன்னால் ஊர்வது. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடுகள் அதோடு பின்னால் இழுபடுகின்றன; உள்ளே இருக்கும் குண்டு தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் அதை இறுகப் பிடிக்காவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் வெளியே வரும். துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு மோசம். 158 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் போகிறது என்று வைத்து, குண்டின் உந்தத்தை மட்டும் எடுத்தால், 40 அவுன்ஸ் ரிவால்வர் விநாடிக்கு சுமார் 10.8 அடி வேகத்தில் பின்வாங்கும். அதே குண்டு, அதே வேகம், 12 அவுன்ஸ் துப்பாக்கி என்றால் 36 அடி. 3.3 மடங்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 340பிடி போன்ற ஐந்து தோட்டா மேக்னம்கள் இந்த இலேசு வகையைச் சேர்ந்தவை.

ஊர்வதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். சிலிண்டர் 1.600 அங்குலம் என்றும், தோட்டா முழு நீளம் 1.590 என்றும் வைப்போம். விளிம்பு 0.058 சிலிண்டருக்கு வெளியே உட்காருவதால் குண்டின் மூக்கு உள்ளே 1.532 வரை வருகிறது. முன்முகத்துக்கு மிச்சம் 68 தௌ. அதற்கப்பால் குழல் இடைவெளி 5. ஆக 73. ஐந்து தோட்டா ரிவால்வரில் கடைசித் தோட்டா தன் முறைக்கு முன் நான்கு உதைகளை வாங்குகிறது. உதைக்கு 15 தௌ ஊர்ந்தால் 60, தப்பிக்கும். 20 ஊர்ந்தால் 80. குண்டின் மூக்கு குழலின் பின்முனையில் மாட்டும், சிலிண்டர் திறக்கவும் திறக்காது. சோதனை எளிது. கடைசித் தோட்டாவின் நீளத்தைக் கேலிப்பரில் அளந்து குறித்துவிட்டு, மற்றதைச் சுட்டபின் மறுபடி அளக்க வேண்டும். சில தௌ வித்தியாசம் தெரிந்தாலே அந்தத் தோட்டாவை ஒதுக்கி, கிரிம்பைச் சரிசெய்ய வேண்டும்.

கிரிம்ப் என்றால் கூட்டின் வாயை உட்புறமாக மடித்து, குண்டின் பள்ளத்தில் கடிக்க வைப்பது. ஆனால் பிடிமானத்தின் பெரும்பங்கு கிரிம்பில் இல்லை, கூட்டின் சுவர் குண்டை இறுக்குவதில் இருக்கிறது. கூட்டின் உள்விட்டம் குண்டைவிட 2 தௌ சிறிதாக இருந்தால் பிடிக்கும். கூட்டின் வாயைக் குண்டுக்காக விரிக்கும் முளை பெரிதாக இருந்து அந்த 2 தௌவும் போய்விட்டால், கிரிம்பை எவ்வளவு முறுக்கினாலும் பலனில்லை. எல்லை கடந்து முறுக்கினால் கூடு கீழே உப்பிக்கொள்ளும், அறைக்குள் இறங்காது, மறுபடி பின்பக்கக் கணக்கில் வந்து விழும்.

உப்பலின் கணக்கு சுவாரசியமானது. .38 தோட்டாவின் வெளிவிட்டம் குண்டு இருக்கும் இடத்தில் 0.379-ஐ மீறக் கூடாது. ஈயக்குண்டு 0.358. இருபக்கச் சுவரும் சேர்ந்து 0.021 இருந்தால் சரியாக 0.379. குண்டு 0.359 ஆகவும், சுவர் ஒவ்வொன்றும் 0.012 ஆகவும் இருந்தால் 0.383. அறையின் வாய்ப் பக்கம் 0.380-ஐ ஒட்டியது. இறங்காது. பல நிறுவனங்களின் கூடுகளைக் கலந்து நிரப்புவோருக்கு இந்தச் சிக்கல் ஒரு தோட்டாவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. நீளமும் அப்படியே: 10 தௌ நீள வித்தியாசமுள்ள கூடுகளை ஒரே அமைப்பில் கிரிம்ப் செய்தால், நீளமானது உப்பும், குட்டையானது பிடிக்காது. ஒரே பெட்டிக்குள் இரண்டு நோயும் இருக்கும். குண்டைப் பதிப்பதையும் கிரிம்பையும் ஒரே இழுப்பில் செய்யாமல் இரண்டு டையாகப் பிரித்தால் பாதிக்கு மேல் சரியாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் கழற்றிய சிலிண்டரின் அறைக்குள் போட்டுப் பார்ப்பதே சிறந்த கேஜ். விரல் அழுத்தமின்றித் தன் கனத்திலேயே இறங்கி, கவிழ்த்தால் தானே விழ வேண்டும்.

யார் குற்றவாளி, அறையா தோட்டாவா என்ற சந்தேகம் வந்தால், அறைகளுக்கு 1 முதல் 6 வரையும் தோட்டாக்களுக்கு 1 முதல் 6 வரையும் எண் எழுதுங்கள். சேர்க்கைகள் 36, அத்தனையும் தேவையில்லை. கழற்றிய சிலிண்டரில் ஒருமுறை அந்தந்த எண்ணில் போட்டுப் பார்த்து, பிறகு எல்லாவற்றையும் ஓர் அறை நகர்த்திப் போட்டால் போதும். தடை தோட்டாவோடு நகர்ந்தால் தோட்டா. அதே அறையில் தங்கினால் அறை. வெற்று சிலிண்டரே சட்டகத்தில் உரசினால், வெளித்தள்ளும் தண்டைப் பாருங்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அது வலம்புரி மரை. சுடச்சுடத் தளர்ந்து நீளும். 1960-ஐ ஒட்டி இடம்புரிக்கு மாற்றினார்கள். இறுக்கும்போது அறைகளில் வெற்றுக்கூடுகளைப் போட்டுக்கொண்டால் நட்சத்திரத் தகடு வளையாது.

நட்சத்திரத் தகட்டின் அடிக்கு ஒரு நைலான் பிரஷ் போதும். வெற்றுக்கூடுகளைத் தள்ளும்போது குழல் வானைப் பார்க்க, ஒரே அடியாகத் தண்டைத் தட்ட வேண்டும். துணுக்குகள் கூடுகளோடு கீழே விழும். குழலைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் அவை நேராகத் தகட்டின் அடிக்குப் போகும். ஒரு பைசா செலவில்லாத திருத்தம் இது, 3 தௌ சம்பாதித்துத் தரும்.

பணக்கணக்குக்கு வருவோம். விலைகள் ஆண்டுக்கு ஆண்டு, கடைக்குக் கடை மாறுபவை. கீழே உள்ளவை கணக்குப் போட நான் எடுத்துக்கொண்ட எண்கள். பிரைமர் ஒன்று 8 சென்ட். குண்டு 11 சென்ட். வெடிமருந்து பவுண்டு 40 டாலர்; ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்று கொண்டால் 1,400 தோட்டா வரும், ஒன்றுக்கு 2.86 சென்ட். (5 என்பது வகுப்பதற்கான எண் மட்டுமே, நிரப்பும் அளவை அந்தந்த மருந்து உற்பத்தியாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.) கூடு பழையது, செலவில்லை. மொத்தம் 21.86 சென்ட், ஆயிரத்துக்கு 218 டாலர் 60 சென்ட். கடைத் தோட்டா ஒன்று 50 சென்ட் என்றால் ஆயிரத்துக்கு 500. மிச்சம் 281 டாலர் 40 சென்ட். எடையையும் சொல்லிவிடுகிறேன்: 158 கிரெய்ன் குண்டுகள் ஆயிரம் என்றால் 22.6 பவுண்டு, பத்தேகால் கிலோவை நெருங்கும்.

இப்போது 300 தோட்டா தவறிப்போனதாகக் கொள்வோம். ஒன்றைக் கழற்ற ஒரு நிமிடம். 5 மணி நேரம். பிரைமர் நஷ்டம் 24 டாலர், மருந்து 8 டாலர் 58 சென்ட். ஈயக்குண்டுகள் நசுங்கிவிட்டால் இன்னொரு 33. ஆகமொத்தம் 65 டாலர் 58 சென்ட். நிரப்பும்போதே ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி ஒதுக்கி விரலை ஓட்டி, அறையில் போட்டுப் பார்த்திருந்தால் 300-க்கும் சேர்த்து 50 நிமிடம். 5 மணிக்கு எதிரே 50 நிமிடம்.

பத்துக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நூறில் ஒன்று மட்டும் கெட்டது என்றால், பத்தை எடுத்துப் பார்ப்பவர் அதைப் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். களத்திலோ அதே ஒரு சதவீதம் வேறு முகம் காட்டும். ஆறு தோட்டாவில் ஒன்றாவது கெட்டது வர வாய்ப்பு 5.9 சதவீதம். 50 தோட்டாப் பெட்டியில் 39.5. 150 தோட்டா சுடும் போட்டியில் 78 சதவீதம். நூறுக்கு ஒன்றுதானே என்று மேசையில் தோன்றுவது, போட்டி நாளில் நடக்காததைவிட நடப்பதற்கே அதிக வாய்ப்பு என்றாகிவிடுகிறது. எல்லாவற்றையும் பார்ப்பது மட்டுமே கணக்குக்கு ஒத்துவரும்.

கருவிகளுக்கு ஆகும் பணம் சிறிது. ஃபீலர் கேஜ், கேலிப்பர், மார்க்கர், நைலான் பிரஷ், ஒரு துண்டுக் கண்ணாடி. கையில் இருக்கும் சிலிண்டரே கேஜ். துப்பாக்கியைச் சரிசெய்பவரிடம் அனுப்பும் ஒரு தடவைச் செலவுக்குள் இவை அனைத்தும் அடங்கும்.

இந்தக் கணக்குகள் எதற்கும் உட்படாத சிக்கல் ஒன்று உண்டு. அதைத் தனியே, அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து விழாமல் பிரைமர் மட்டும் வெடித்த தோட்டாவில் குண்டு அறையிலிருந்து கிளம்பி, பாதி குழலிலும் பாதி சிலிண்டரிலும் நின்றுவிடும். சத்தம் ‘டப்’ என்று அமுங்கிக் கேட்கும், உதை இருக்காது, அடுத்து சிலிண்டர் அசையாது. பார்வைக்கு இதுவும் சாதாரணச் சிக்கல் போலவே இருக்கும். குண்டு இன்னும் கொஞ்சம் முன்னேறி முழுவதும் குழலுக்குள் போயிருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அப்போது சிலிண்டர் சுழலும். அடுத்த குண்டு அதன் மேல் மோதிக் குழலைக் கிழிக்கும். ஆகவே சிலிண்டர் எந்தக் காரணத்தால் நின்றாலும் முதல் வேலை ஒன்றுதான்: ட்ரிகரிலிருந்து விரலை எடு, குழலை மண்மேட்டை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திரு. தாமதமாக வெடிக்கும் தோட்டாவுக்கு அந்த நேரம். கட்டாயப்படுத்தித் திருப்புவதும், சுத்தியலால் தட்டித் திறப்பதும் கூடவே கூடாது. அறைகளில் உயிருள்ள தோட்டாக்கள் மிச்சமிருக்கின்றன. திறக்காவிட்டால் களப் பொறுப்பாளரை அழைத்து, அந்த நிலையிலேயே தொழில் தெரிந்தவர் கையில் சேர்க்க வேண்டும். திறந்துவிட்டால், தோட்டாக்களையெல்லாம் வெளியே எடுத்தபின் குழலுக்குள் வெளிச்சம் பார்க்க வேண்டும். மறுமுனை வட்டமாகத் தெரிந்தால் மட்டுமே மார்க்கரையும் கேலிப்பரையும் எடுக்கலாம்.